பினா கொலாடாவும் அம்மாவின் மோர் மத்தும்

தீபாவளி முடிந்த அடுத்த ஞாயிறு, மதியம் மூன்று மணி இருக்கும். அடுக்களையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். முதல் காய் முடிந்து இரண்டாவதை உடைத்த சத்தத்துக்கு அம்மா திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, ஒப்புட்டா?"

"இல்லீங்கம்மா. ஜூஸு."

"தேங்காய்ல என்ன ஜூஸு?"

பதில் சொல்லாமல் துருவினேன். நாற்பத்தெட்டு வயதாகிறது, சொந்தமாகப் பட்டறை நடத்துகிறேன், மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஆனாலும் அம்மாவிடம் போய் "ரம்மில் ஊற்றத் தேங்காய்ப்பால் எடுக்கிறேன்" என்று சொல்ல வாய் வரவில்லை.

இந்த ஆசை பிடித்தது 2019இல். பட்டறைக்காரர்கள் ஐந்து பேர் சேர்ந்து கோவா போயிருந்தோம். கடற்கரையில் ஓலைக் கூரை போட்ட கடை ஒன்றில், நண்பர்கள் எல்லாம் பீர் சொல்ல, நான் மட்டும் மெனு அட்டையில் படம் போட்டிருந்த பினா கொலாடாவைக் கேட்டேன். உயரமான கிளாஸ், ஓரத்தில் ஒரு துண்டு அன்னாசி, மேலே காகிதக் குடை. குடித்தால் டின் ஜூஸ் வாசனை, இருமல் மருந்து மாதிரி இனிப்பு. கூட வந்தவர்கள் அந்தக் காகிதக் குடையை வைத்து இன்றுவரை கிண்டல் செய்கிறார்கள். ஆனால் பாதி கிளாஸ் குடிக்கும்போதே எனக்கு ஒன்று தோன்றியது. இதில் இருப்பது தேங்காய், அன்னாசி, ரம். தேங்காய் எங்களுக்குப் பொள்ளாச்சியில் இருக்கிறது, கோவையிலிருந்து வண்டியில் ஒரு மணி நேரம். அன்னாசி வாளையாறு தாண்டி லாரி லாரியாக வருகிறது. இதை ஏன் கோவாவில் டின்னில் இருந்து ஊற்றிக் குடிக்க வேண்டும்?

வீட்டில் செய்வதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எனக்கு பார் பிடிக்காது. அந்தச் சத்தமும், ஒட்டும் மேசையும், சுண்டல் தட்டும், பக்கத்து மேசைக்காரர் சொல்லும் சொந்தக் கதையும் ஆகாது. மாதத்தில் ஒரு ஞாயிறு, வேலை எல்லாம் ஓய்ந்த பிறகு, மொட்டை மாடியில் ஒரு கிளாஸ். அவ்வளவுதான் என் கணக்கு.

செய்முறை தேடப் போனால் அதற்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. பினா கொலாடா என்றால் ஸ்பானிய மொழியில் வடிகட்டிய அன்னாசி என்று பொருள். பேரில் தேங்காயும் இல்லை, ரம்மும் இல்லை. ஊர் கரீபியன் கடலில் இருக்கும் போர்ட்டோ ரிக்கோ தீவு. அதன் தலைநகர் சான் ஹுவானில் கரீபே ஹில்டன் ஓட்டலின் பாரில் வேலை பார்த்த ரமோன் மர்ரேரோ என்பவர் 1954இல் இதை உருவாக்கினார் என்று அந்த ஓட்டல் சொல்கிறது. அதே ஊரின் பழைய நகரத்தில் இருக்கும் பர்ராச்சினா என்ற உணவகமோ, 1963இல் இங்கேதான் பிறந்தது என்று வாசலில் கல்லே பதித்து வைத்திருக்கிறது. நம்மூரில் அடுத்தடுத்த கடைகள் இரண்டும் 'ஒரிஜினல்' என்று போர்டு மாட்டியிருக்குமே, அதே கதைதான். யார் செய்திருந்தாலும் சரி, 1978இல் போர்ட்டோ ரிக்கோ அரசு இதைத் தங்கள் நாட்டுப் பானமாகவே அறிவித்துவிட்டது.

எனக்கு அந்த 1954 பிடித்துப் போனது. நம் ஓல்ட் மாங்க் ரம் சந்தைக்கு வந்ததும் 1954இல்தான். பூமிக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. இரண்டையும் ஒரே கிளாஸில் ஊற்ற எனக்கு இதற்கு மேல் சாக்கு வேண்டியிருக்கவில்லை.

முதல் முயற்சி தேங்காய் இல்லாமலே நடந்தது. சோம்பல்தான். அந்தக் கரீபே ஓட்டலின் பழைய செய்முறையில் பால் கிரீமும் சேரும் என்று படித்தேன். சரி, தேங்காய்க்குப் பதில் ஐஸ்கிரீமே போடலாம் என்று வெனிலா இரண்டு கரண்டி, நல்ல பழுத்த அன்னாசி, ரம், எல்லாவற்றையும் மிக்சியில் ஓட்டினேன். முதல் வாய் பிரமாதம். கிளாஸை மாடிக்குக் கொண்டு போய், வந்த போன் ஒன்றைப் பேசி முடித்து அரை மணி கழித்து வாயில் வைத்தால் கசப்பு. வேப்பங்கொழுந்தை மென்றது போல நாக்கின் பின்பக்கம் பிடித்துக்கொண்டது. கிளாஸின் அடியில் தண்ணீர் தனியாக, மேலே திரிதிரியாக.

அன்னாசியில் புரோமலைன் என்று ஒரு நொதி இருக்கிறது. புரதத்தை அறுத்துத் துண்டாக்குவதுதான் அதன் வேலை. அதிக அன்னாசி தின்றால் நாக்கு புண்ணாகிப் போவதும் ஓரளவு அதனால்தான். பால் புரதத்தை அது அறுக்கும்போது கசப்புத் துண்டுகள் உருவாகின்றன. சூடு பட்டால் நொதி செத்துவிடும். டின் அன்னாசி கொதி கண்ட சரக்கு என்பதால் அதில் இந்தக் கசப்பு வராது. கோவாக் கடைக்காரர் டின்னை உடைத்ததற்கு இப்படியும் ஒரு நியாயம் இருந்திருக்கலாம். எனக்குத்தான் அன்றைக்குத் தெரியவில்லை.

அப்புறம்தான் ஒழுங்காகத் தேங்காய்க்கு வந்தேன். அந்த ஞாயிறுக்கு முந்தைய ஞாயிறு ஒரு முழுக் காயைத் துருவி, வெந்நீர் விட்டு மிக்சியில் அடித்து, வேட்டித் துணியில் பிழிந்து கெட்டியான முதல் பால் எடுத்தேன். கவனமாகத்தான் செய்தேன். ராத்திரியே எடுத்துப் பாத்திரத்தை ஃபிரிட்ஜில் வைத்தேன், மறுநாள் ஜில்லென்று இருக்கட்டும் என்று. சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் மேலே மெழுகு போல ஒரு தட்டு இறுகிக் கிடந்தது. போகட்டும், மிக்சி பார்த்துக்கொள்ளும் என்று ஐஸோடு சேர்த்துப் போட்டு ஓட்டு ஓட்டென்று ஓட்டினேன். கிளாஸில் ஊற்றியபோது வெள்ளை வெள்ளையாகக் குருணை மிதந்தது. குடித்தால் உதட்டில் ஒட்டுகிறது. வாய்க்குள் மெழுகுவத்தியைச் சுரண்டிப் போட்டது போல ஒரு பூச்சு. இன்னும் நைசாக்கலாம் என்று மறுபடி ஓட்டினேன். குருணை பெரிதானதுதான் மிச்சம்.

ஐம்பது மில்லி ரம் வாஷ்பேசினில் போனது. அது கூட வலிக்கவில்லை. ஒரு முழுத் தேங்காய் போனதுதான் வலித்தது.

அதனால் இந்த ஞாயிறு இரண்டு தேங்காய். ஒன்று கெட்டால் ஒன்று இருக்கட்டும் என்று. முதல் காயில் மறுபடி அதே குருணை வந்தது. இந்த முறை ஃபிரிட்ஜில் வைக்கவில்லை, ஆனால் பாலையும் ஐஸையும் ஒன்றாகப் போட்டு மூன்று நிமிடம் ஓட்டியிருந்தேன். ஜாரைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தபோது அம்மா உள்ளே வந்து நின்றார். ஜாருக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு விரலால் மேலே இருந்ததை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"வெண்ணெய் எடுத்திருக்கிறயே கண்ணு."

"வெண்ணெய் இல்லீங்கம்மா, தேங்காய்ப்பால்."

"எதுவா இருந்தா என்ன? ஜில் தண்ணி ஊத்திக் கடைஞ்சா வெண்ணெய் திரளாம வேறென்ன பண்ணும்? மோர் கடையறப்போ வெண்ணெய் சேரலைன்னா குளுந்த தண்ணி ஊத்துவமல்லோ. மார்கழியில தேங்காயெண்ணெய் உறைஞ்சு போய் வெயில்ல வெக்கறது மறந்து போச்சா?"

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. அம்மா சொன்னது அப்படியே சரி. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். பாலில் அது பொடிப்பொடித் துளிகளாக மிதக்கிறது. ஐஸைப் போட்டுக் கடைந்தால் துளிகள் பாதி உறைந்து, ஒன்றோடொன்று முட்டி ஒட்டிக்கொண்டு திரள்கிறது. நான் மூன்று நிமிடம் செய்தது பானம் இல்லை, தேங்காய் வெண்ணெய்.

இதில் எனக்குக் கூடுதல் வெட்கம் ஒன்று உண்டு. நான் தினமும் இரும்பு கடையும் லேத் மெஷினுக்கு, சூட்டைத் தணிக்கும் கூலண்ட் கலக்குகிறவன். கட்டிங் ஆயிலைத் தண்ணீரில் கலந்தால் பால் மாதிரி வெள்ளையாக வரும். அதற்குப் பட்டறையில் ஒரு விதி: எண்ணெயைத் தண்ணீரில் ஊற்று, தண்ணீரை எண்ணெயில் ஊற்றாதே. மாற்றி ஊற்றினால் கெட்டியாகத் திரண்டு பைப்பை அடைக்கும். புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லித் தருகிறேன். தேங்காய்ப்பாலும் அதே குடும்பம்தான், எண்ணெயும் தண்ணீரும் சண்டையில்லாமல் ஒன்றாக நிற்கிற கலவை. இருபது வருடமாகக் கையில் பிசுபிசுக்கிற விஷயம் அடுக்களைக்குள் வந்ததும் அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

இரண்டாவது காயை அம்மாவே மேற்பார்வை பார்த்தார். அன்றைக்கு வந்தது, அதற்குப் பிறகு ஆறேழு தடவை செய்து கை பழகியது, எல்லாம் சேர்த்துச் சொல்கிறேன்.

காய் முற்றலாக இருக்க வேண்டும், ஆட்டினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும். துருவலில் அரை டம்ளர் நல்ல வெந்நீர் மட்டும் விட்டு அடித்துப் பிழியுங்கள். ஒரு காய்க்கு 150 மில்லி சுமாருக்கு முதல் பால் வரும். இரண்டாம் பாலை இதற்கு எடுக்காதீர்கள், அது குருமாவுக்கு. பால் சூடாக இருக்கும்போதே 100 கிராம் சர்க்கரையும் இரண்டு சிட்டிகை உப்பும் போட்டு, அடுப்பில் மிகச் சிறு தீயில் சர்க்கரை கரையும் வரை மட்டும் கிளறி இறக்குங்கள். கொதித்தால் திரிந்துவிடும். சொதி வைக்கிற எல்லோருக்கும் இது தெரியும். உப்பை விட்டுவிடாதீர்கள். உப்பு இல்லாவிட்டால் வெறும் இனிப்புத்தான் தெரியும், தேங்காய் தெரியாது.

அன்னாசிக்கு நான் வாழக்குளம் பழம்தான் வாங்குவேன். எர்ணாகுளம் மாவட்டத்து ஊர், மொரீஷியஸ் ரகம், 2009இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். தள்ளுவண்டிக்காரர் மேலே கொண்டையைப் பிடுங்கிக் காட்டுவார். அதைப் பார்க்க வேண்டாம், பழத்தைத் திருப்பி அடிப்பக்கத்தை மோந்து பாருங்கள். வாசனை அங்கேதான் முதலில் வரும். கள் வாடை அடித்தால் ஒரு நாள் தாண்டிவிட்டது என்று பொருள். கண்களை ஒவ்வொன்றாகத் தோண்டாமல், அவை சரிவாக வரிசை கட்டியிருப்பதைப் பார்த்து, அந்தச் சரிவிலேயே ஆங்கில வி மாதிரி ஒரு காடி இழுத்தால் வரிசையாகக் கழன்று வரும். திருகு மரை வெட்டுகிற மாதிரிதான். இந்த ஒரு வேலையில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

இரண்டு கிளாஸுக்கு 200 கிராம் பழத் துண்டு, செய்து வைத்த தேங்காய்ப் பாகு 60 மில்லி, ரம் 100 மில்லி, அரை எலுமிச்சம்பழம். பன்னாட்டு பார்டெண்டர் சங்கத்தின் கணக்கு ஒரு கிளாஸுக்கு வெள்ளை ரம் 50, தேங்காய் கிரீம் 30, அன்னாசிச் சாறு 50. எலுமிச்சை அதில் இல்லை, அது என் சேர்க்கை. நம் அன்னாசிக்கு இனிப்பு தூக்கல். புளிப்பு கொஞ்சம் பிடித்து நிறுத்தினால்தான் இரண்டாவது வாய் குடிக்கத் தோன்றும். அளக்க 50 மில்லி குடுவை ஒன்று புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன். கண்ணளவில் ஊற்றுவது எனக்கு ஆகாது.

இப்போது அம்மா விதி. பழத்தையும் தேங்காய்ப் பாகையும் முதலில் ஐஸ் இல்லாமல், பாகு இளஞ்சூடாக இருக்கும்போதே, வேகமாக ஒரு நிமிடம் அடியுங்கள். நிறம் மாறி மஞ்சள் வெண்மையாக, மாவு போல ஆகும். எண்ணெய்த் துளிகள் அப்போது பழக்கூழோடு நைசாகக் கலந்துவிடுகின்றன. அப்புறம் ரம்மும் எலுமிச்சையும். கடைசியில்தான் ஐஸ், தலை தட்டாமல் ஒரு டம்ளர். ஐஸ் போட்ட பிறகு விட்டு விட்டு நான்கு தடவை மட்டும் ஓட்டி நிறுத்துங்கள். சத்தம் கரகரவென்பது போய் மொழுமொழுவென்று மாறும் இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். ஊற்றியதும் குடியுங்கள், போன் வந்தால் எடுக்காதீர்கள்.

வெள்ளை ரம் நல்லதா ஓல்ட் மாங்க் நல்லதா என்று ஒரு நாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெள்ளை ரம்மில் செய்தது பார்க்க அழகு, பால் போல இருந்தது, அன்னாசி முன்னால் வந்து நின்றது. ஓல்ட் மாங்கில் செய்தது தண்ணீர் விட்ட டீ நிறம், படம் எடுத்தால் யாரும் லைக் போட மாட்டார்கள். ஆனால் குடித்தால் பின்னால் ஒரு கருகிய வெல்ல வாசனை, கடலை மிட்டாய்ப் பாகு அடி பிடிக்கும் முன் வருமே, அது. தேங்காயோடு அதற்கு நெடுநாள் பழக்கம் போல ஒட்டிக்கொள்கிறது. ரம் என்பதே கரும்பின் கழிவுப் பாகில் பிறப்பதுதானே. அதைப் பார்த்துச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை போட்டேன். நிறம் இன்னும் மோசமானது. ருசிக்காக மன்னித்துவிட்டேன். என் ஓட்டு ஓல்ட் மாங்குக்குத்தான்.

அந்த ஞாயிறுக்கே திரும்பிப் போகிறேன். ரம் ஊற்ற வேண்டிய கட்டத்தில் நான் மிக்சியை ஆஃப் செய்துவிட்டுச் சும்மா நின்றேன். அம்மா நகர்வதாக இல்லை.

"ஊத்து கண்ணு. பாட்டில் மேல் ஷெல்ஃபுல, அரிசி டப்பாவுக்குப் பின்னால இருக்குது. மூக்கு என்ன எனக்கு வாடகைக்கா விட்டிருக்குது?"

என் மனைவி வாசலில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். நான் முதலில் ஒரு டம்ளர் கூழை ரம் இல்லாமல் தனியாக எடுத்து வைத்தேன், அம்மாவுக்கு. அவர் அதை வாங்கிக்கொண்டு, இது எந்த ஊர்க்காரர்கள் குடிப்பது என்று கேட்டார். சொன்னேன். அங்கேயும் தேங்காய் விளையுமா என்றார்.

விளையும். ஆனால் அது அங்கே தானாக முளைத்தது இல்லை. போர்த்துகீசியர்கள் இந்தியப் பெருங்கடல் பக்கமிருந்து தென்னையை ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து அது கரீபியனுக்குப் போனது. 2011இல் வந்த மரபணு ஆய்வு ஒன்றும் அந்தப் பக்கத்துத் தென்னைகள் தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு பக்கத்துக் கூட்டத்தைச் சேர்ந்தவை என்றே சொல்கிறது. அன்னாசியோ தென்னமெரிக்காவில் பிறந்து போர்த்துகீசியர் கப்பலில் இங்கே வந்தது. அன்னாசி என்ற பேரே அவர்கள் வழியாக வந்த தென்னமெரிக்கப் பழங்குடிச் சொல். ஆக அவர்கள் காயைக் கொடுத்துப் பழத்தை வாங்கிய பண்டமாற்றைத்தான் நான் மிக்சியில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இதை இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "நம்ம தென்னைதாங்கம்மா அங்க போயிருக்குது" என்று மட்டும் சொன்னேன்.

"பின்னே? எங்கப்பா குடிச்ச கள்ளும் தென்னைதான்" என்றார்.

என் தாத்தாவைப் பற்றி அம்மா இந்த விஷயத்தில் வாய் திறந்தது அன்றைக்குத்தான். ஆனைமலைப் பக்கம் அவர்களுக்கு ஐந்து ஏக்கர் தென்னை. காலையில் பாளையில் கட்டின கலயம் இறங்கியதும், தோட்டத்திலேயே நின்று ஒரு சொம்பு குடித்துவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொடுவாராம். வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார். பாட்டி சுண்ணாம்பு தடவிய கலயத்தில் தெளுவு, அதாவது புளிக்காத பதநீர், இறக்கச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாராம். 1987இல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை வந்த பிறகு தாத்தா வேறு எதையும் தொடவில்லை. "அது அவருக்குச் சாப்பாடு மாதிரி கண்ணு. இது காசு குடுத்து வாங்கற வம்பு." சொல்லிக்கொண்டே டம்ளரில் இருந்ததை முழுவதும் குடித்து முடித்திருந்தார்.

ஒரு எச்சரிக்கை, அனுபவப்பட்டுச் சொல்கிறேன். இனிப்பும் ஜில்லும் சேர்ந்தால் ரம் இருப்பதே நாக்குக்குத் தெரியாது. ஓல்ட் மாங்கில் ஆல்கஹால் 42.8 சதவீதம். ஒரு கிளாஸில் ஐம்பது மில்லி என்றால் ஒரு லார்ஜுக்குக் கொஞ்சம்தான் குறைவு. பொங்கலுக்கு வந்த மச்சினன், "இது என்னங்க மாமா, குழந்தைங்க குடிக்கற மில்க் ஷேக்கு" என்று அரை மணிக்குள் மூன்று கிளாஸ் முடித்தார். நான்காவதைக் கேட்க எழுந்தவர் எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தார். பைக் சாவியை என் மனைவி வாங்கி மிளகாய்ப் பொடி டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். மாடியிலேயே பாய் விரித்துக் கொடுத்தோம். காலையில் எழுந்து சாவியைத் தேடி வீடு முழுக்கத் தும்மிக்கொண்டிருந்தார்.

பிழிந்த தேங்காய்ச் சக்கையை அம்மா கொட்ட விடுவதில்லை. மறுநாள் பீன்ஸ் பொரியலில் தூவிவிடுகிறார். மாதக் கடைசி ஞாயிறு நெருங்கினால், தேங்காய் வாங்கி வந்தாயா என்று அவரே கேட்கிறார். தன் டம்ளரில் ஐஸ் வேண்டாமாம், தொண்டை கட்டுமாம். போன தடவை குடித்துவிட்டு, "எல்லாஞ் சரி, ஒரு ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கலாம்" என்றார்.

ஏலக்காய் வாங்கி வைத்திருக்கிறேன். அரிசி டப்பாவுக்குப் பின்னால், பாட்டிலுக்குப் பக்கத்தில்.